யாரும் கவனிக்காத விரிசல்

டிசம்பர் நான்காம் தேதியிட்ட விசாரணை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், 'யாரும் கவனிக்காத விரிசல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த விரிசலை நான் கவனித்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். தவறான தகவலைக் கண்டும் வாளாவிருக்க எனக்கு வராது.

ஓய்வு பெற்றபின் வீட்டில் எல்லோரையும் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவிதான் என்னை உங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டாள். ஆண்டிறுதி விடுமுறையின்போது ஜன்னல்களில் தொங்கவிடும் மர மணிகளையும் உருண்டைகளையும் மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு அது. எனக்குத் துணையாக அவளுடைய தம்பியும் சேர்ந்தார். பேருந்து ஓட்டியவர், எதையும் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர்.

கற்றுத்தந்த அம்மையார் முதல் நாளே என்னிடம் சொன்னார்: "உளியைத் தள்ளாதீங்க சார். சும்மா காட்டுங்க. மரமே சுத்தி வந்து குடுக்கும்."

நான் தள்ளினேன். மைத்துனர் காட்டினார். சீவல் அவர் கையின்மேல் நாடாவைப்போல நீளமாக விழுந்தது. மூன்றாம் வாரம் என் மணியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"அத்தான், இது மணியா, கத்திரிக்காயா?"

அன்றுமுதல் வகுப்பில் எனக்குக் 'கத்திரிக்காய் சார்' என்று பெயர். வீட்டு ஜன்னலில் மைத்துனரின் பதினெட்டு மணிகள் தொங்கின. என்னுடையவை எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். "டிராயர்ல பத்திரமா இருக்குங்க" என்றாள். துணிக்கவ்விகளோடு கிடந்தன.

ஒரு வேலை மட்டும் எனக்கு நன்றாக வந்தது. செய்து முடித்த அலங்காரத்தில் மயிரிழை விரிசல் கண்டால், அதில் பசையைச் சொட்டி, அதே மரத்தின் தூளை அழுத்தி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நான் அடைத்த இடத்தை அம்மையாராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்த வேலையில நீங்கதான் எனக்குக் கத்துக்குடுக்கணும் சார்" என்றார்.

"முப்பத்தாறு வருஷம் தப்பு கண்டுபிடிச்சவராச்சே," என்றார் மைத்துனர். "தப்பை எங்க ஒளிக்கணும்னு தெரியாதா?"

அம்மையார் சிரிக்கவில்லை. "கடைஞ்சு முடிச்சதுக்குத்தான் இந்த வைத்தியம். விரிசல் விட்ட கட்டையை மெஷின்ல ஏத்தவே கூடாது. சுத்துற வேகத்துல பொளந்து நேரா மூஞ்சிக்கு வரும்" என்றார். அதை நான் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

நவம்பரில், கூடத்தின் வாசலுக்கு மனிதத் தலையளவில் பெரிய மணி ஒன்று செய்ய முடிவாயிற்று. வாய்ப்பை எனக்கு அளிக்குமாறு எழுத்துமூலம் விண்ணப்பித்தேன். அம்மையார் மைத்துனரைத் தேர்ந்தெடுத்தார். "அத்தான் செஞ்சா வாசல்ல மணி தொங்காது, காய்கறிக்கடைதான் தொங்கும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விரிசல் விட்டதென்று அம்மையார் நீலச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு ஒதுக்கிய கட்டை ஒன்று கழிவுப்பெட்டியில் கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். ஐந்து நாட்கள் உழைத்தேன்.

"தம்பிக்கா இதைத் தயார் பண்றீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆம்."

அவள் நான் கேட்காமலே தேநீர் கொண்டுவந்தாள். உப்புத்தாள் பட்டுச் சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்து, "போதுங்க, அவனுக்கு இது போதும்" என்றாள்.

வியாழக்கிழமை, மைத்துனருக்காக எடுத்து வைத்திருந்த கட்டையை அகற்றிவிட்டு இதை வைத்தேன். அம்மையார் எடுத்து விரல்முட்டியால் தட்டினார்; ஓசை சரியாக இருந்தது. வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, மைத்துனரிடம் கொடுத்தார். என் வாழ்நாளில் நான் பெற்ற முழு மதிப்பெண் அதுதான்.

மணி உடைந்தால் போதும் என்றுதான் எண்ணினேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் பொய்யாகும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று மைத்துனர் முகத்தை மூடும் பிளாஸ்டிக் கவசத்தை எப்போதும் நெற்றிக்குமேல் தூக்கிவிட்டுக்கொள்வார். அது எனக்குத் தெரியும். அன்றும் தூக்கிவிட்டார். சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் குறை சொல்கிறேன் என்பார்கள், ஆகவே சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். நாலே முக்கால் மணிக்குக் கட்டை பிளந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

மனைவி இப்போது பேசுவதில்லை. ஜன்னலில் தொங்கும் மணிகளை யாரும் தொட விடுவதுமில்லை. கட்டையைச் சரிபார்க்கவில்லை என்று அம்மையாரைத் தாங்கள் வேலையிலிருந்து நீக்கியிருக்கிறீர்கள். அவர் சரியாகத்தான் பார்த்தார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் களையவே இதை எழுதுகிறேன். வேறு நோக்கம் இல்லை.

ஆயினும், பிளவின் உட்புறத்தில் இருந்தது 'மரத்தின் இயற்கையான பிசின்' என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலாது. அது பசை. நான் இட்டது. உட்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வேலையை மதிப்பிடலாகாது. பையில் முத்திரையிட்டு வைத்திருக்கும் அந்த இரண்டு துண்டுகளையும் வெளியே எடுங்கள். கழுவுங்கள். ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு, விரிசல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குக் காட்டுங்கள்.