ரெண்டு மாலை, ஒரு பேப்பர்

சரி... சட்டம் பேசினது போதும். கடைசி வரிசையில ரெண்டு பேரு கொட்டாவி விடறது இங்கேருந்தே தெரியுது. சர்க்கரை ஆலை கேட்டைத் திறக்கறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்றேன், முழிச்சுக்கிட்டுக் கேளுங்க.

குழந்தைவேலுன்னு ஒருத்தரு. உங்கள மாதிரியே கரும்பு ஓட்டற டிராக்டர்காரரு. டிராக்டர் கம்பெனியில வாங்கினது. டிரெய்லர்? உள்ளூர் வெல்டிங் பட்டறையில அடிச்சது. என்னய்யா சிரிப்பு? உங்களுது மட்டும் எங்க அடிச்சதாம்?

மனுசன் வண்டிய உசுரா வெச்சிருப்பாரு. ஆயுத பூஜை வந்தா டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், வாழக்கன்னு, மாலை. டிரெய்லருக்கும் அதே சந்தனம், அதே குங்குமம், தனியா ஒரு மாலை. சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் எலுமிச்சம்பழம். ஒரு குறை வைக்க மாட்டாரு.

ஒரு நாள் கரும்பு ஏத்திக்கிட்டு மேடு ஏறறாரு. டிரெய்லரை மாட்டற கொக்கியில இருந்த பின்னு... தெறிச்சிருச்சு! டிராக்டர் முன்னாடி போகுது. டிரெய்லர் பின்னாடி உருளுது. மேட்டுக்குக் கீழ அமிர்தவல்லின்னு ஒரு அம்மாவோட பூக்கடை. புருசன் போனப்புறம் ரெண்டு பிள்ளைங்கள அந்தக் கடைய வெச்சுத்தான் படிக்க வெச்சாங்க. டிரெய்லர் நேரா அந்தக் கடை மேல போயி... மடார்! கடை தரைமட்டம்.

அந்தம்மா? பூவுக்குத் தெளிக்கத் தண்ணி பிடிக்க எதிர்க் குழாய்க்குப் போயிருந்தாங்க. இடுப்புல குடத்தோட அப்படியே நிக்கறாங்க.

குழந்தைவேலு ஓடி வந்தாரு. தைரியம் சொல்றாரு. "தங்கச்சி, அழாத! எங்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கு. உன் கடை திரும்பி வந்துரும்!"

இன்சூரன்ஸ்காரரு வந்து பேப்பரைப் புரட்டினாரு. "ஐயா, இது டிராக்டருக்குப் போட்டது. டிரெய்லருக்கு எங்க?"

"அதுக்கு எதுக்குங்க? அது சும்மா பின்னாடி வர்றது. அதுக்கு எஞ்சினே இல்லையே!"

"நீங்க அதுக்கு நம்பரும் வாங்கல, பாலிசியில சேர்க்கவும் இல்ல. நான் என்னங்க பண்ணட்டும்?"

அப்பத்தான் அந்தப் பூக்காரம்மா வாயத் தொறந்தாங்க. "அண்ணே... ஆயுத பூஜைக்கு எங்கிட்ட எத்தனை மாலை வாங்கினீங்க?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"டிராக்டருக்கு ஒண்ணு... டிரெய்லருக்கு..."

"மாலை போடறப்ப அது தனி வண்டி. பேப்பர் போடறப்ப மட்டும் இல்லையாண்ணே?"

மனுசன் தலையத் தொங்கப் போட்டுட்டாரு. ஆனா ஓடி ஒளியல, அதைச் சொல்லணும். அதே பட்டறைக்காரர கூட்டியாந்து, தானே கம்பி தூக்கி, பதினோரு நாள்ல அந்தக் கடைய நிறுத்திக் குடுத்தாரு. டிரெய்லருக்கு நம்பர் வாங்கினாரு, பாலிசியில சேர்த்தாரு, கொக்கிக்கு லாக்கும் சங்கிலியும் போட்டாரு, பின்னாடி ராத்திரில மின்னற செவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாரு.

அடுத்த ஆயுத பூஜை. "தங்கச்சி, ரெண்டு மாலை."

"பேப்பர் காட்டுங்க!"

சட்டைப் பைக்குள்ள கைய விட்டு எடுத்துக் காட்டினாரு. அந்தம்மா ரெண்டு நம்பரையும் விரல் வெச்சுப் படிச்சாங்க. படிச்சிட்டு, டிரெய்லர் மாலைய அவரு கையில குடுக்கல. கடைய விட்டு எறங்கி வந்து... அந்த வண்டிக்குத் தன் கையாலயே போட்டாங்க. எந்த வண்டிக்கு? தன் கடைய இடிச்ச வண்டிக்கு!

ஏம்ப்பா, இதை ஏன் சொல்றேன்? உள்ள வர்றப்ப வெளிய நிக்கற உங்க டிரெய்லரை எல்லாம் பார்த்துட்டுத்தான் வந்தேன். எல்லாத்துலயும் காஞ்ச மாலை தொங்குது. நம்பர்? நாலஞ்சுலதான் இருக்கு! பின்னாடி வர்றதுக்கு எஞ்சின் கிடையாது, பிரேக் கிடையாது, கண்ணும் கிடையாது. அதனாலதான் அதுக்குப் பொறுப்பு முன்னாடி உக்காந்திருக்கற நீங்க. அது மேல ஆளை ஏத்தினாலும் பொறுப்பு நீங்கதான்.

பயமுறுத்த வரலைங்க. சரி பண்ண முடியாத தப்பு இல்ல இது. கூட்டம் முடிஞ்சதும் நேரா சீட்டுல ஏறாதீங்க. பின்னாடி போங்க. கொக்கியத் தொட்டுப் பாருங்க. அப்புறம் அந்த மேசைக்கு வாங்க... பேப்பர் எழுதற ஆளு அங்கதான் உக்காந்திருக்காரு. உங்க ஊரு மேட்டுக்குக் கீழயும் யாரோ ஒருத்தங்க கடை போட்டிருப்பாங்க. அவங்க எல்லா நாளும் தண்ணி பிடிக்கப் போயிருக்க மாட்டாங்க.