ஏரி காய்கிற வரைக்கும்

ஏரியில் தண்ணீர் நின்றால் ஊருக்கே கொண்டாட்டம். எனக்கு மட்டும் பொழுது போகாது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரியுங்கள். எங்கள் ஊர் கிரிக்கெட் மைதானம் அந்த ஏரிக்குள்தான் இருக்கிறது.

மாசி பங்குனியில் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து பாருங்கள். தண்ணீர் வற்றி, சேறு இறுகி, ஏரி நடுவே தரை சாணி மெழுகிய வாசல் மாதிரி கிடக்கும். மாரியம்மன் திருவிழாவை ஒட்டி அங்கேதான் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். அதியமான்கோட்டையிலிருந்தெல்லாம் டீம் வரும். ஆடுகிறவர்கள் எல்லோரும் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டு, அம்மன் காலடியில் வைத்த புதுப் பந்தைப் பூசாரி கையால் வாங்கி வந்த பிறகுதான் முதல் ஓவர். எங்கள் டீமுக்கு ஏரிக்கரை லெவன் என்று பெயர். நான் அதில் ஆடியதில்லை. சின்ன வயதில் காலை மாடு மிதித்ததிலிருந்து எனக்கு ஓட்டம் வராது. ஆனால் ஒரு மேட்சையும் விட்டதில்லை. என் மகள் நிச்சயதார்த்தத்தன்றுகூட பாதியில் எழுந்து போனேன். சம்பந்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார், சொல்லட்டும்.

ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வரச் சொன்னீர்கள், வந்தேன். ரைட்டர் எழுதியதைப் படித்துக் காட்டினார். மதகு சாவி வைத்திருக்கும் மாதேஸ்வரன் முன்னறிவிப்பு இல்லாமல், கவனக்குறைவாகத் தண்ணீரைத் திறந்துவிட்டதால், வாய்க்காலில் புல் அறுத்துக்கொண்டிருந்த காசியம்மாள் இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறது. பெயர் சரி. சாவி சரி. அந்தக் கவனக்குறைவு மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அதை அடித்துவிடுங்கள். அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு பேசுகிறேன். என் தாத்தா காலத்திலிருந்து அந்தச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. யார் வயலுக்கு ஷட்டரை எவ்வளவு தூக்க வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் எனக்குத் தெரியும். கவனமில்லாதவன் என்று என்னை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் மற்றது விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டீம் பேட்டிங்கில் குறை வைத்ததில்லை. கடைசி ஓவரில்தான் கவிழும். ஜெயிக்கிற மேட்சைக் கடைசி ஆறு பந்தில் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். தீர்த்தமலை டீம்காரன் எங்களைப் பார்த்தாலே கை தட்டிச் சிரிப்பான். காசியம்மாளின் மகன் அருண்குமார் வந்த பிறகுதான் அது நின்றது. அவன் பந்து போடும்போது பேட்ஸ்மேன் முகத்தைப் பார்க்க மாட்டான், செருப்பைத்தான் பார்ப்பான். பந்தும் நேரே அங்கேதான் போய் விழும், யார்க்கர் என்றால் அதுதான் யார்க்கர். மட்டை கீழே வருவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்திருக்கும். போன வருஷம் கோப்பையை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது அந்தக் கைதான். அன்றைக்கு நான் ஏரிக்குள் உட்கார்ந்து அழுதேன். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இந்த வருஷம் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிவிட்டது. மழைக்காலம் முழுக்க மதியழகன் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த சீசனைப் பேசுவதுதான் எங்களுக்கு வேலை. அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. அருண்குமாருக்குக் கத்தாரில் வேலை, விசா வந்துவிட்டது, பொங்கல் முடிந்ததும் கிளம்புகிறான்.

யார் கடைசி ஓவர் போடுவது என்று அன்றைக்கே பேச்சு ஆரம்பித்தது.

"மாதவராஜையே போட வெக்கலாங்க" என்றான் திருமால். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன், சவாரி வந்தாலும் பேச்சை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

"அவன் தோளுதான் போயிருச்சே. இப்ப அவன் போடறதுக்குப் பேரு பவுலிங்கா? அன்னதானம்" என்றான் மதியழகன்.

"அப்ப அரூர் சத்யராஜு?"

"இன்னைக்கு நம்ம டீமுன்னுவான். ஃபைனல் அன்னைக்கு தீர்த்தமலை பனியனப் போட்டுக்கிட்டு வந்து நமக்கே வணக்கம் வெப்பான்."

சித்தேரி மலையில் சாமைக்காட்டுக்குக் காவல் இருக்கிற குள்ளன் பெயரும் வந்தது. கல்லை விட்டால் பன்றி காதில் படும், அப்படி ஒரு குறி. நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குறி நிஜம்தான். ஆனால் கை மடங்குகிறது, அவன் போடுகிற பந்தெல்லாம் நோ பால் ஆகும். நாள் தவறாமல் இந்த மூன்று பேரையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தினாலும் அருண்குமாரின் ஒரு பந்துக்குக் காணாது.

நடுவில் திருமால் தன் மச்சான் கதையை எடுத்தான். அவனும் வெளிநாடு போக இருந்தவன்தான். ஃபிளைட்டுக்கு முந்தின வாரம் அப்பா தவறிவிட்டார். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்த மகன் வருஷத் திதி கொடுக்கிற வரைக்கும் கடல் தாண்டக் கூடாது. விசா வீணாய்ப் போய், மச்சான் இப்போது தக்காளி லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடியும் மாதவராஜ் தோளுக்கே போய்விட்டார்கள்.

அடுத்த நாள் நான் காசியம்மாள் வீட்டுக்குப் போனேன். புருஷன் இல்லை, இரண்டு கறவை மாடு, ஒரே பையன். நல்ல மனுஷி. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மோர் கொடுத்தாள், குடித்தேன்.

"பையனப் பங்குனி வரைக்கும் நிறுத்தி வெய்யி காசியம்மா. திருவிழா முடிஞ்சதும் போகட்டும்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ஏரி காயற வரைக்கும் கத்தார்க்காரன் காத்துக்கிட்டு இருப்பானாண்ணா? மேல பாருங்க, வூடு எப்படி ஒழுவுதுன்னு. இன்னும் எத்தன வருசத்துக்கு நான் வாய்க்கா வாய்க்காலா எறங்கிப் புல்லறுக்கறது?"

"அவன் கை சாதாரணக் கை இல்ல, காசியம்மா."

"எனக்குத் தெரியாதுங்களா, நான் பெத்த கை. அது சோறு திங்கவும் வேணுமில்ல?"

அருண்குமார் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "அம்மா சொல்றதுதாங்க" என்றான். வாய்தான் அப்படிச் சொன்னது. அவனுக்கு இங்கே இருக்கத்தான் ஆசை, அது முகத்தில் தெரிந்தது. அவன் பந்து போடுவதை அத்தனை மேட்ச் பார்த்தவன் நான், அவன் முகம் எனக்குத் தெரியாதா?

ஏரி காய்கிற வரைக்கும் என்று சொன்னது அவள்தான், நான் இல்லை. ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது இதுதான்: மாதேஸ்வரன் கிரிக்கெட் பைத்தியம், பொங்கலுக்கு முன்னாலேயே டோர்னமெண்ட் நடத்தி அருண்குமாரை ஆட வைக்கப் பார்த்தான், ஏரியைச் சீக்கிரம் வடிக்க ஷட்டரைத் தூக்கிவிட்டான். நானும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். திறக்கிறதுக்கு முன்னால் கோயில் மைக்கில், "வாய்க்காலில் தண்ணி வருது, ஆடு மாட்டை ஓட்டிக்கங்க, யாரும் எறங்காதீங்க" என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அன்று நான் சொல்லவில்லை. மார்கழியில் யாருக்கும் தண்ணீர் தேவையில்லை. மைக்கில் சொன்னால் ஊரே மண்வெட்டியோடு வந்து என் கையைப் பிடித்திருக்கும். அதனால் சொல்லாமல் திறந்தான், பாவம் அந்தப் பொம்பளை மாட்டிக்கொண்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். திட்டுகிறார்கள்தான். ஆனால் புரிந்துகொண்டு திட்டுகிறார்கள்.

நீங்கள் மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டீர்கள். தண்ணீர் வடிந்தாலும் சேறு எப்போது காயும் என்று. நல்ல கேள்வி. இத்தனை விவசாயிகள் இருக்கிற ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மார்கழிப் பனியில் சேறு காயாது. ஏரியைச் சொட்டில்லாமல் வடித்தாலும் மாசி பிறக்காமல் அதில் கால் வைக்க முடியாது. அருண்குமார் தை மாதமே போய்விடுவான். இது தெரியாமல் நான் சாவி வைத்திருக்கவில்லை. போதுமா?

அன்று காலை கரைமேல் போகும்போதே பார்த்தேன். மதகுக்குக் கீழே, வண்டிப்பாதைக்கு அடியில் வாய்க்கால் குழாய்க்குள் நுழைகிற பைப்புப் பாலத்தின் வாய் அருகே, மஞ்சள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காசியம்மாள் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு பக்கமும் கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். ஏறி இறங்கப் படி இருப்பது கொஞ்சம் தள்ளித்தான். அவள் தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் வருவாள், அதுவும் எனக்குத் தெரியும். நான் ஷட்டர் திருகில் கை வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணா, தண்ணி வுடறீங்களா? ஏறிக்கட்டுங்களா?"

"இல்ல காசியம்மா. திருகுக்கு எண்ண போட வந்தேன். நீ அறுத்துக்க" என்றேன்.

"செரிங்கண்ணா" என்று குனிந்துகொண்டாள்.

எப்போதும் நாலு விரல்கடைதான் தூக்குவேன். அன்று மரை முடிகிற வரைக்கும் திருகினேன். நிரம்பிய ஏரியின் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கத்தினாளா என்று கேட்டால் எனக்குக் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தம் பெரிதாக இருந்தது. மஞ்சள் துண்டு பைப்புக்குள் போனது. பிறகு இறக்கி மூடினேன். பூட்டினேன். சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். இதில் எங்கே இருக்கிறது கவனக்குறைவு, நீங்களே சொல்லுங்கள்.

டீக்கடையில் நாங்கள் புரட்டிப் பார்த்த மூன்று பேரும் கடைசி ஓவருக்கு ஆக மாட்டார்கள். ஆகிறவன் ஒருவன்தான் இருந்தான். அவனை நிறுத்த ஒரு வழிதான் இருந்தது. ஊர் முழுக்கத் திருவிழாவுக்கு வந்து உட்கார்ந்து கத்தும், கை தட்டும், அதற்காக ஒரு ஆள் ஏதாவது செய்ய வேண்டாமா? நான் செய்தேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகாதீர்கள் என்று மதியழகன் தடுத்தான், கேட்கவில்லை. அருண்குமார் மொட்டைத் தலையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். விசாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். நான் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தெரியாம நடந்துபோச்சு, உங்கள என்னங்க சொல்றது" என்றான். அழுத குரல், ஆனால் மரியாதை குறையவில்லை. அப்படிப்பட்ட பையன்.

"மனச விட்டுராத தம்பி. பங்குனியில ஏரிக்குள்ள வந்து நின்னீன்னா எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் எப்படிங்க வர்றது? சாவு விழுந்த வூடு. வருசம் திரும்பற வரைக்கும் கோயில் படி ஏற முடியாது. அம்மன் பந்த எப்படிங்க கையில வாங்குவேன்?"

கடல் தாண்டக் கூடாது என்பதை மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். கோயிலை நினைக்கவில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல் ஆளாகக் கோயில் வாசலில் நிற்கிறவன் நான், எனக்கு எப்படி அது விட்டுப்போனது என்று தெரியவில்லை. வெளியே வந்து அவர்கள் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று அழுதேன். அவள் செத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தவர்கள் காசியம்மாளுக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

வேண்டுமென்றால் அந்த இடத்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்தத் திருவிழாவுக்கு மாதவராஜ் போடட்டும், தோற்றாலும் பரவாயில்லை. வருகிற மார்கழியில் வருஷம் திரும்பிவிடும். அதற்கடுத்த பங்குனிக்கு அருண்குமார் கோயிலுக்குள் போகலாம், பந்தை வாங்கலாம். கத்தாருக்குப் போ என்று அவனை அனுப்பி வைப்பதற்கு இப்போது யாரும் இல்லை. பையன் நம் ஊரிலேயேதான் இருப்பான். நான் எங்கே இருந்தாலும் ஸ்கோர் மட்டும் யாராவது வந்து சொன்னால் போதும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், நீங்களும் கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரித் தெரிவதால் கேட்கிறேன். நான் சொன்னதை அந்தப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். மனசு கெட்டுப்போனால் அவனுக்கு யார்க்கர் விழாது.