தூங்காத தூங்குமூஞ்சி மரம்

மணி எட்டேமுக்கால் இருக்கும். ஊரைத் தாண்டிய நாற்றுப் பண்ணைச் சாலை… ஒரு விளக்கு கிடையாது. என் சிநேகிதன் ஒருவனின் பெரியப்பா, தங்கை வீட்டிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

சாலையின் இருபக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். விதையை வெந்நீரில் ஊறப்போட்டு, பையில் முளைக்கவைத்து, இடுப்புயரம் வந்ததும் குழி தோண்டி நட்டு, எல்லாம் பெரியப்பா தன் கைப்பட வளர்த்தவை. பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும் மரம். பெரியப்பாவும் அப்படித்தான், உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். தங்கை புருஷன் மரமேறிக் கிளை கழிப்பவர். "மச்சான், நீங்களும் இந்த மரமும் ஒரே ரகம். என்ன, அது ராத்திரியில மட்டுந்தான் தூங்கும்" என்று கிண்டலடிப்பார்.

அந்தக் கிண்டல்தான் ஆறு மாதமாகப் பெரியப்பாவை அறுத்துக்கொண்டிருந்தது. நாற்றுப் பாத்திக்கு வெயில் படட்டும் என்று ஒருநாள் ஓரத்து மரத்தில் கிளை கழித்தார்கள். மாப்பிள்ளை மேலே. அவர் இடுப்பில் கட்டிய கயிறு உச்சிக் கவட்டையைச் சுற்றி வந்து, கீழே பெரியப்பா கையில். இரண்டு முறை சுண்டினால் இழுத்துப் பிடி என்று அர்த்தம். சுண்டியிருப்பார்… பெரியப்பா தூங்கிப்போயிருந்தார். மாப்பிள்ளை விழுந்த சத்தத்தில்தான் விழித்தார். உயிர் அங்கேயே போய்விட்டது.

அதோடு விட்டாரா? ஆட்கள் ஓடி வருவதற்குள் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டு, "மாப்ள முடிச்சைச் சரியாப் போடலை" என்று சொல்லிவிட்டார். தங்கை அந்தக் கயிற்றை வீட்டு ஆணியில் மாட்டிவைத்தாள். அண்ணன் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "ஒரு முடிச்சுப் போடத் தெரியாத மனுஷனுக்கு வாக்கப்பட்டேனேண்ணே" என்று திட்டுவாள். உண்மை பெரியப்பாவின் வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவார். அந்த ராத்திரியும் விழுங்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

நடந்தார். எல்லா மரமும் இலை மூடியிருந்தது. கிளைக்கு நடுவே நட்சத்திரம் தெரிந்தது. அந்த ஓரத்து மரத்தடிக்கு வந்தார்… வானம் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தார். அது ஒன்று மட்டும் நடுப்பகல் போல இலை விரித்து நின்றது.

பச்சை மரத்தை அப்போதுதான் அறுத்த வாடை. ஆறு மாதமாக அங்கே ரம்பம் பட்டதே இல்லை. வெறும் உள்ளங்கையில் கயிறு உராய்ந்த எரிச்சல்… சுண்டியது. ஒன்று… இரண்டு.

"நான்தான் தூங்கிட்டேன் மாப்ளே… மன்னிச்சிடுங்க" என்று கதறினார்.

ஒரு இலைகூட மூடவில்லை. மறுபடி சுண்டியது. இந்தத் தடவை அவர் வந்த வழியைப் பார்த்து.

ஓடினார். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. தங்கை வீட்டுக் கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தூங்கியது, முடிச்சை அவிழ்த்தது, செத்தவர் மேல் பழி போட்டது. சொல்லி முடித்ததும் அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான், ஞாபகம் இருக்கட்டும். பிள்ளைகூடக் கிடையாது.

மெதுவாகத் திரும்பி, உள்ளே இருட்டைப் பார்த்து, "கேட்டீங்களா? சொல்லிட்டாரு" என்றாள்.

ஆணியில் தொங்கிய கயிறு சுண்டியது. ஒன்று… இரண்டு.