காற்றில் வந்த லைன்

இந்த வயர்லெஸ் நல்லதொரு சாமான், ஐயா. சுவரில் ஓட்டை போடத் தேவையில்லை, முற்றத்தில் வயர் தொங்காது. முன் அறைக் கம்ப்யூட்டருக்கு டெலிபோன் வயரில் வருகிற இன்டர்நெட், பின்னால் என் அறைக் கம்ப்யூட்டருக்குக் காற்றிலேயே வந்துவிடும்.

தங்கச்சி பூரணி கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவளுடைய புருஷனைப் பற்றி விசாரித்து எழுத நீங்கள் இந்த நேரம் வந்தது நல்லது. அவள் இருந்தால் அழுவாள், ஒழுங்காக ஒன்றும் கதைக்க ஏலாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. இந்த வீட்டுக்கு ஓடு போட்டது நான், கிணறு கட்டியது நான், துறைமுகத்து வேலையில் முதுகு முறிந்ததும் எனக்குத்தான். சோமசேகரம் திரியாயிலிருந்து அகதியாக வந்து, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்த கையோடு ஒரு பையுடன் வந்து முன் அறையில் படுத்தார். நான் என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குப் போனேன். கண் மூடுவதற்கு முன் அம்மா டெலிபோனையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அதுவும் சீதனத்தில் சேர்த்தி போலிருக்கிறது.

ஆள் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. நான் வந்து உட்காராமல் சாப்பிடத் தொடங்கமாட்டார். என் வீட்டில் என்னையே விருந்தாளியாக உபசரித்தார். ஒருமுறை கொழும்புக்குப் போய்வந்தவர், ஏரியல் வைத்த சின்னப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார்.

"மெயில் பாக்க ஏன் அத்தான் கடைகடையா அலையிறியள்? என்ர லைனில நீங்களும் பாருங்கோ," என்றார்.

என்ர லைன். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

ஏரியல் உள்ள எதைக் கண்டாலும் சோதனைக்கு வருகிறவர்கள் நூறு கேள்வி கேட்கிற காலம். அதனால் பெட்டியை அலுமாரியில் பூரணியின் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அந்த லைன் இரண்டு அறைக்கு ஓடுவது எங்கள் மூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

என் அறைச் சன்னலால் பார்த்தால் துறைமுகத்து ஜெட்டி தெரியும். எந்தக் கப்பல் வந்தது, எதிலிருந்து ஆமிக்காரர் இறங்கினார்கள் என்று எழுதி, வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கினேன். எனக்கு இயக்கம், அரசியல் ஒன்றும் கிடையாது. நான் எதை அனுப்பினாலும் அது சோமசேகரத்தின் லைனால்தான் போகும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஒருவரும் தேடி வரவில்லை. நாட்டில் எல்லா வேலையும் மெத்தனம். ஆகவே படகுத்துறைக்குப் போய்க் கிண்ணியாவுக்கு ஏறினேன். அங்கே ஒரு டெலிபோன் கடையிலிருந்து ஆமி முகாமுக்குப் பேசினேன். துறைமுகத்தில் பழகிய சிங்களம் கைகொடுத்தது. இந்த வீட்டு டெலிபோன் நம்பரிலிருந்து கப்பல் செய்தி போகிறது என்று மட்டும் சொன்னேன். பெயரை நான் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். லைனைப் பிடிப்பதற்கு என் கம்ப்யூட்டரில் செருகியிருந்த விரலளவுத் துண்டைத் திரும்பி வரும்போது கடலில் போட்டேன்.

காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தார்கள். தெருக் கம்பத்திலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே முன் அறைக்கு வந்தார்கள். வயர் ஒரு கம்ப்யூட்டரோடு நின்றது. பிறகு அலுமாரியைக் கிண்டினார்கள். சேலைகள் நிலத்தில் விழ, பெட்டி வெளியே வந்தது.

"இது யாருக்கு? வேற யார் பாவிக்கிறது?" தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

சோமசேகரம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அதை இன்றுவரை என்னால் பொறுக்க ஏலாது. நான் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் மட்டும்தான் அதில் இருந்தது. பூரணி வாயெடுத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

கொண்டுபோகும்போது, "பூரணியைப் பாத்துக்கொள்ளுங்கோ அத்தான்," என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தனியே இருந்தால் பயப்படுவாள் என்று இப்போது முன் அறைக்கு வந்துவிட்டேன். அவரைத் தேடி முகாம் முகாமாக அவள் அலையும்போது நானும் கூடப் போகிறேன், குடை பிடிக்கிறேன். "உங்களைக் காப்பாத்தத்தான் அண்ணா அவர் அப்பிடிச் சொன்னவர்," என்பாள். இருக்கலாம். அப்படிச் செய்யச் சொல்லி அவரை யார் கேட்டது?

நீங்கள் நேர்மையாக எழுதுகிறவர் என்றால் இதையும் எழுதுங்கள். அன்று அந்த அறையில் பொய் சொன்னவர் சோமசேகரம். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.