மாப்பிள்ளைத் தோழன்

காயல் நடுவே கல்யாணம் வைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது கொசுவைத்தான், மேடம். பொழுது சாய்ந்து மணப்பெண் கன்னத்தில் நாலு கொசு உட்கார்ந்துவிட்டால் எந்த லென்ஸும் உதவாது. ராம்கியிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சென்னை டீம் பாத்துக்கும்டா" என்று சிரித்தான்.

அவன் கல்யாணத்தை எடுக்கப்போவது நான் இல்லை என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

நன்னிலத்தில் எங்கள் ஸ்டுடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரி முடித்த கையோடு இருவரும் சேர்ந்து ஆரம்பித்தது. ஆட்களிடம் பேசி வேலை பிடிப்பது அவன், படம் எடுப்பது நான். திருப்பனந்தாள் வரைக்கும் என் படம் மாட்டாத வீடு குறைவு. "மதிவாணன் எடுத்தா கரிக்கட்டையும் தங்கமா தெரியும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவனே, தன் கல்யாணம் என்று வந்தபோது வெளியாளைக் கூப்பிட்டான். எனக்கு ஒரு பட்டுச் சட்டை எடுத்துக் கொடுத்து, "நீ கேமராவைத் தொடவே கூடாது. தோழனா என் பக்கத்துலயே நிக்கிற" என்றான்.

நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வராது.

பெண் வானதி. அவள் அப்பா துரைராசு சிங்கப்பூரில் இருக்கிறார். முத்துப்பேட்டைக் காயலுக்குள் ஒரு சின்னத் தீவு முழுக்க அவர்கள் தென்னந்தோப்புதான். படகில்தான் போகவேண்டும். வெளிநாட்டில் செய்வதுபோல் அங்கேயே கல்யாணம் நடக்கவேண்டும் என்று வானதி ஆசைப்பட்டாள். ஆசைப்படக்கூடிய இடம்தான். முன்பக்கம் மணல், பின்பக்கம் அலையாத்திக் காடு. காற்று நின்றால் மீன் துள்ளுகிற சத்தம்கூடக் கேட்கும்.

முதல் நாள் எங்களை இறக்கிவிட்ட படகுக்காரர் ஷேக் பரீத் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தோப்புக்குப் பின்னால யாரையும் விடாதீங்க. மேல காஞ்ச தரை மாதிரிதான் இருக்கும். காலை வச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துடும். தண்ணி ஏறுற நேரமா இருந்தா அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். பெரியவர்களிடம் சொன்னேன். குழந்தை வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். ராம்கியிடம் மட்டும் சொல்லவில்லை. அப்போது என் மனதில் எதுவும் இல்லை. மாப்பிள்ளை, அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். வாய்க்கவில்லை.

முகூர்த்தம் நன்றாக நடந்தது. சென்னை ஆட்கள் மோசமில்லை, ஆனால் அவசரக்காரர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோருடைய கேமராவும் கழுத்தைப் பார்த்தது. வானதியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுததை ஒருவனும் எடுக்கவில்லை. நான் பட்டுச் சட்டையோடு கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ராம்கி என்னைக் கூப்பிட்டான். "மதி எங்க? மதி இல்லாம எடுக்காதீங்க." அந்தச் சின்னப் பையன்கள் என்னைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். என்னிடம், மேடம்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் சாய்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராம்கியிடம் போனேன்.

"எனக்கு ஒரே ஒரு படம் குடுடா. நான் எடுத்ததுன்னு ஒண்ணு இருக்கட்டும்."

உடனே எழுந்துவிட்டான். "கேமராவைக் கொண்டு வந்துட்டியா, திருட்டுப்பய" என்று என் தோளில் கைபோட்டுக்கொண்டே தோப்பைத் தாண்டி நடந்தான். வானதியும் வருகிறேன் என்றாள். நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே இலைகளுக்கு நடுவே வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னால போ, முகத்துல வெளிச்சம் விழட்டும்" என்றேன். போனான். நான் நிற்கச் சொன்ன இடத்தை அவன் என்றைக்கும் கேள்வி கேட்டதில்லை.

"டேய், கால் உள்ள போகுதுடா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அசையாத" என்றேன். அதற்குள் வேட்டி சேற்றில் பரவிவிட்டது. பிறகு, "மதி, கையைக் குடு" என்றான். பிறகு, "விளையாடாதடா, அம்மா மேல சத்தியமா முடியலடா" என்றான்.

கையைக் கொடுத்திருந்தால் நானும் போயிருப்பேன். ஷேக் பரீத்தைக் கேளுங்கள், அவரே சொல்வார். பந்தல்காரர்கள் விட்டுப்போன மூங்கில் கழி பக்கத்திலேயே கிடந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். கிடந்தது. படத்தில் விழக்கூடாது என்று நான்தான் அதைத் தள்ளி வைத்தேன்.

தண்ணீர் நிதானமாகத்தான் ஏறியது. முதலில் கத்தினான். பாட்டுச் சத்தத்தில் பந்தல்வரை போயிருக்காது. அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். கல்யாண வீட்டில் யாரும் தன் சொந்த முகத்தோடு கேமராவைப் பார்ப்பதில்லை. அன்று அவன் பார்த்தான். அந்த முகத்தை வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது. வெளிச்சம் போகும்வரை எடுத்தேன். அதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

பிறகு ஓடிப்போய்ச் சொன்னதும் நான்தான். கயிறு கட்டி இழுத்தபோது முன்னால் நின்றதும் நான்தான். கால் தவறிப் போனான் என்றேன், எல்லோரும் நம்பினார்கள்.

காரியம் முடிந்து வானதி ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அண்ணே, கடைசியா நீங்க எடுத்த படம் இருந்தா குடுங்க. நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல" என்றாள். நல்லா இல்லாட்டியும் என்றாள். எல்லாவற்றையும் கொடுத்தேன். எப்போதும் நல்லதைப் பொறுக்கித்தான் கொடுப்பேன். இவற்றில் எதையும் ஒதுக்க மனம் வரவில்லை. அவள் அதை உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். நீங்கள் இருவருமே படத்தைப் படமாகப் பார்க்கவில்லை.

ராம்கி அவளிடம் சொன்னதாக இப்போது ஒன்றை வாசித்துக் காட்டினீர்கள். "ஊர்ல எல்லார் கல்யாணத்துலயும் மதி கேமராவுக்குப் பின்னாலயே நின்னுட்டான். எந்தப் படத்துலயும் அவன் இல்ல. என் கல்யாணத்துல அவன் என் பக்கத்துல நிக்கணும்." இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டீர்கள்.

எனக்குத் தெரியும், மேடம். பத்திரிகை வைத்த அன்றே, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கிச் சொன்னான். துரோகம் செய்கிறவர்கள் அப்படித்தான் பாசமாகப் பேசுவார்கள்.