மை தடவுகிற கை

தாளில் அச்சான எழுத்தைவிட, அச்சுக்குக் கோத்து வைத்த ஈய எழுத்தே எனக்கு வாசிக்க எளிது. ஈயத்தில் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியிருக்கும், கற்றவர்களே திணறுவார்கள். நானோ தலை நரைத்த பிறகு, அச்சுக்கூடத்தில் மை உருளையும் கையுமாக நின்றபடி, அவற்றைப் பார்த்தே அரிச்சுவடி கற்றவன்.

கற்பித்தவர் என் மனைவியின் தம்பி. அந்நிய அரசின் பள்ளியில் ஆசிரியர்; பள்ளி விட்டதும் எங்கள் அச்சுக்கூடத்திற்கு வந்து, தடை செய்யப்பட்ட துண்டறிக்கைகளுக்கு எழுத்துக் கோப்பார்.

"அத்தான், நீங்க கண்ணாடிக்குள்ள பொறந்திருக்க வேண்டிய ஆளு," என்று சிரிப்பார். "ஆனா படிக்கத் தெரியும்னு வெளியில காட்டிக்காதீங்க. மாட்டினாலும் உங்களை விட்டுடுவாங்க."

நான் காட்டிக்கொள்ளவில்லை. அது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அரசின் ஆட்கள் சோதனைக்கு வந்த அன்று, ஒரு தாளும் அச்சாகியிருக்கவில்லை. கோத்த எழுத்துகள் மட்டும், இன்னும் இறுக்கிப் பூட்டப்படாமல், பலகையில் கிடந்தன. அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் குனிந்து பார்த்துக் கண்ணைக் கசக்கினார். பலகையை இயந்திரத்திற்குக் கொண்டுபோய் ஒரு படி எடுக்குமாறு அதிகாரி எனக்கு ஆணையிட்டார். ஆசிரியரின் கைகளைக் காவலர் இருவர் பிடித்திருந்தனர்.

"ஐயா, அவரு கைநாட்டு. மை தடவுறதோட சரி. எதைத் தூக்கினாலும் கீழ போட்டுடுவாரு," என்றார் ஆசிரியர், என்னையே பார்த்தபடி.

"அதுக்கு ஒரு கழுதையை வெச்சிருக்கலாமே," என்றார் மொழிபெயர்ப்பாளர். எல்லோரும் சிரித்தனர்.

பலகையைத் தூக்கினேன். சற்றே சாய்த்திருந்தால் எழுத்துகள் தரையில் சிதறியிருக்கும். அறிக்கையும் இல்லை, குற்றமும் இல்லை. ஆசிரியர் அதைத்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போதே விளங்கிற்று. மெல்ல மேசைமீது இறக்கினேன். விரலால் தொட்டுத் தொட்டு, உரக்க வாசித்தேன்: 'நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் பாடம் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டாம்.' கடைசி வரி வரை வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அறிக்கையை வாசித்துக் காட்டிய சாட்சியென்று என்னை விட்டுவிட்டு, ஆசிரியரைக் கப்பலேற்றினார்கள். அடுத்த மழைக்காலத்தில் மரணச் செய்தி மட்டும் திரும்பி வந்தது.

"கை தவறிடுச்சுன்னு போட்டிருக்கக் கூடாதா? என் வீட்டுல எத்தனை பாத்திரத்தைப் போட்டிருக்கீங்க," என்று என் மனைவி கேட்டாள். அதன்பின் அவள் என்னோடு பேசுவதில்லை.

பேசினால் ஒன்று சொல்வேன். அன்று ஓரெழுத்திலும் நான் தடுமாறவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் தம்பியின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. தம் மாணவன் தேறியதைக் கண்ட எந்த ஆசிரியரும் அப்படித்தான் நெகிழ்ந்துபோவார்.