முத்தம்மாள் தலையசைத்தால் முடிந்தது

தலைமை ஏற்றுத் தமிழ் எழுத்தை என் தலைக்குள் ஏற்றிய ஆசிரியை சிவசங்கரி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முறுவலிக்கும் முதியோர் வகுப்புத் தோழர்களே! தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன் ஏலத்தை முடித்து, கையைக் கழுவிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி முத்தம்மாளே! சுப்ரமணியின் வணக்கம்.

முதலில் மன்னிப்பு. இந்த நான்கு தாள்களும் எழுபத்தோரு வயதில் பேனா பிடித்த கை எழுதியவை. எழுத்துகள் நங்கூரம் போடாத படகுகளாய் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து கிடக்கின்றன. தேடிப் பிடித்துத்தான் படிப்பேன். என்ன அண்ணே, டீ ஆறுகிறதா? ஆறவிடாதீர்கள், குடித்துவிட்டு வந்து கேளுங்கள். நான் இதே வரியில்தான் இருப்பேன்!

சென்ற மாதம் முத்தம்மாளின் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. செயற்கைப் பல் பொருத்த உழவர்கரையில் பல் டாக்டர் சுடர்விழியிடம் போனோம்.

"பல்ல நடணும்னா தாடை எலும்பு கெட்டியா இருக்கணும்மா. ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

"என் எலும்பையா? முப்பது வருஷம் மீன் கூடை தூக்குன ஒடம்பும்மா இது. இரும்பு!" என்றாள் இவள்.

அந்த இரும்பை நிற்க வைத்தார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து, சிறு குச்சியைக் கடிக்கச் சொன்னார்கள். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். இருபது எண்ணும்வரை ஆடக் கூடாது, அசையக் கூடாது! படம் எடுக்கும் பெண், இவள் பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு..."

தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாதா? ஏலத்தில் எண் காதில் விழுந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? வாய் திறப்பார்களா? கை தூக்குவார்களா? தலையசைப்பார்கள்! இவளும் அசைத்தாள். ஒன்றுக்கு ஓர் அசைப்பு, இரண்டுக்கு ஓர் அசைப்பு, இருபதுக்கும் இருபது அசைப்பு! படத்தில் பல்லும் இல்லை, தாடையும் இல்லை, பனிமூட்டம்தான் இருந்தது.

"ஆயா, எதுக்கு ஆட்டுனீங்க?"

"நீ எதுக்குடி எண்ணுன?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன், இரண்டாவது படம் வரும்வரை.

அதை எண்ணாமல் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். கெட்டியாகத் தெரிய வேண்டிய எலும்பு சல்லடையாகத் தெரிந்தது. "இது தாடைப் படம் மட்டுந்தான். இத வச்சி ஒடம்பு மொத்தத்துக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு. இடுப்புக்கும் முதுகுக்கும் தனியா எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுங்க. அதுவரைக்கும் வழுக்கி விழாமப் பாத்துக்குங்க" என்றார்.

வழுக்காமலா? விடிந்தால் இவள் நிற்பது எங்கே? ஐஸ் உருகி, செதில் சிதறி, தண்ணீர் ஓடும் ஏலத் தரையில்! ஒவ்வொரு காலையும் இவள் செருப்புச் சத்தம் திரும்பி வரும்வரை என் நெஞ்சு படும் பாட்டை எந்த ஸ்கேன் காட்டும்?

கெஞ்சினேன், கோபித்தேன், சாப்பிட மறுத்தேன். மீன் குழம்பு வைத்ததும் அந்தக் கடைசி ஆயுதமும் போயிற்று. கடைசியில் இவளே ஒரு பந்தயம் வைத்தாள்: "யோவ், உன் கையால நாலு பக்கம் எழுதி, மேடை ஏறி முழுசாப் படி. அப்ப வரேன் உன் பரிசோதனைக்கு." என்னால் முடியாது என்று நினைத்தாள். மூன்று வாரம் எழுதினேன். இதோ, நான்காம் தாள்!

தாய்மார்களே! தூக்கிய கூடையைத் தோள் அறியும், நடந்த தூரத்தைக் கால் அறியும். உள்ளே எலும்பு தேய்வதை யார் அறிவார்? அது வலிக்காது, கத்தாது, கதவைத் தட்டாது. பல்லுக்கு எடுத்த படம் ஒரு சன்னலைத் திறந்திருக்கிறது. திறந்த சன்னலைச் சாத்தலாமா? முத்தம்மாளே, சாத்தலாமா?

தாள் முடிந்தது. இனி சொல்வது எழுதாதது. ஒருதரம்! ரெண்டுதரம்!...

பார்த்தீர்களா? பார்த்தீர்களா! அசைந்தது தலை! துறைமுகத்துச் சட்டம் உங்களுக்கே தெரியும்: அசைத்த தலையைத் திரும்பப் பெற முடியாது!

என்ன சொல்கிறாள்? "திங்கக்கெழம போவலாம், எறங்குய்யா"வா? இறங்கிவிட்டேன், அம்மா! எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியைக்கும், தடுமாறியபோதெல்லாம் கைதட்டித் தாங்கிய உங்களுக்கும் நன்றி. பரிசோதனை முடிவை அடுத்த வாரம் வகுப்புக் கரும்பலகையில் என் கையால் எழுதுவேன். கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்!